எந்தப் படகு?

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருக்கும் ஒரு டியூனா டின்னைத் திருப்பிப் பாருங்கள். உப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, எந்த எண்ணெய், எந்த நாட்டில் அடைத்தது, எல்லாம் இருக்கும். நாடு பெரும்பாலும் தாய்லாந்தாக இருக்கும். டின் டியூனா ஏற்றுமதியில் அவர்களுக்குத்தான் முதலிடம். ஆனால் தாய்லாந்தில் அடைத்ததால் அது தாய்லாந்துக் கடலில் பிடித்த மீன் ஆகிவிடாது. சீஷெல்ஸ் பக்கமோ பசிபிக்கின் நடுவிலோ பிடித்து, உறையவைத்து, இன்னொரு கப்பலுக்கு மாற்றி, அங்கே கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். எந்தப் படகு, எப்படிப் பிடித்தது, அந்தப் படகில் யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள்? இதெல்லாம் டின்னில் இருக்காது. பல சமயம் அந்த டின்னை விற்கிற கடைக்கே தெரியாது.

இதை நான் பொதுஅறிவாகச் சொல்லவில்லை. நாலு வருடமாக என் சம்பளம் இதிலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டு மளிகைக் கடைச் சங்கிலி ஒன்றுக்கு, அதன் சப்ளையர்கள் விவரங்களைப் பதிவேற்றும் போர்ட்டலைக் கவனித்துக்கொள்ளும் டீமில் இருக்கிறேன். கடலை எண்களாகப் பிரித்து வைத்திருக்கிறது ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு. 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 கிழக்கு, 71 மேற்கு மத்திய பசிபிக். ஒரு சப்ளையர் தன் டியூனாவுக்கு 'பிடிபட்ட இடம்' என்ற கட்டத்தில் 51/57/71 என்று நிரப்பி அனுப்பியிருந்தார். ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கி பசிபிக்கின் பாதி வரை எங்கேயாவது பிடித்தது என்று அர்த்தம். சாஃப்ட்வேர் அதை ஏற்றுக்கொண்டது. கட்டம் காலியாக இல்லையே!

டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் வரிச்சூரை. உலகில் பிடிபடும் முக்கியமான சூரை வகைகளில் பாதிக்கும் மேல் அதுதான். வேகமாக வளரும், வேகமாகப் பெருகும். மீனாக அதற்குப் பெரிய ஆபத்து இல்லை. சிக்கல் பிடிக்கிற விதத்தில். உலகச் சூரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுருக்குமடியில் வருகிறது. நம் கரையில் சண்டை மூட்டுகிற அதே சுருக்குமடிதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். இந்தக் கப்பல்கள் கடலில் மிதவைகளைப் போட்டுவிடும். மிதக்கிற எதன் நிழலிலும் மீன் கூடும் என்பது பழைய அறிவு. இப்போது மிதவையில் செயற்கைக்கோள் கருவியும், கீழே எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்று சொல்லும் ஒலிமானியும் இருக்கின்றன. வரிச்சூரையோடு மஞ்சள்துடுப்புச் சூரையின், பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் அங்கே கூடும். ஒருமுறைகூட முட்டையிடாத மீன்கள். வலை சுருங்கும்போது எல்லாம் சேர்ந்தே வரும்.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015இல் மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னது. அடுத்த ஆண்டு மீட்புத் திட்டம் வந்தது. மிதவைகளை என்ன செய்வது என்ற பேச்சு மட்டும் வருடக்கணக்கில் இழுத்தது. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடி, வருடத்துக்கு 72 நாள் மிதவை மீன்பிடிக்குத் தடை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல உறுப்பினர்கள் ஆட்சேபம் எழுதிக்கொடுத்தார்கள். ஆட்சேபித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாமல் போனது. 2024 கணக்கெடுப்பில் மஞ்சள்துடுப்பின் நிலை தேறியிருப்பதாக வந்தது, நல்ல செய்திதான். ஆனால் இந்த நிர்வாகம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை மொம்பாசா காட்டிவிட்டது.

அரசாங்கங்கள் நிற்கிற இடத்தில் கடை நகர முடியும் என்பதுதான் நான் சொல்ல வருவது. கடைக்கு எந்த நாட்டின் ஒப்புதலும் வேண்டாம், ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போதும். பிரிட்டனில் இது நடந்திருக்கிறது. 2008இல் கிரீன்பீஸ் அங்குள்ள டின் டியூனா விற்பவர்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. அடுத்த சில வருடங்களில் பெரிய கடைகள் வரிசையாகத் தங்கள் சொந்த பிராண்டு டின்களைக் கழித்தூண்டில் மீனுக்கு மாற்றின. ஜான் வெஸ்ட் என்ற பிராண்டும் 2016க்குள் மிதவை மீனை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தது. 2015இல் கிரீன்பீஸ் கணக்கிட்டபோது அவர்கள் மாறியிருந்தது 2 சதவீதம். டெஸ்கோ எச்சரித்தது, அடுத்த வருடம் அந்த பிராண்டின் சில டின்களை அலமாரியிலிருந்து எடுத்தும்விட்டது. வாக்குறுதிக்கும் அலமாரிக்கும் நடுவில் யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தால்தான் வாக்குறுதிக்கு அர்த்தம்.

கழித்தூண்டில் என்றால் என்ன என்று மாலத்தீவில் பார்க்கலாம். அவர்கள் படகின் பெயர் தோனி, நம் தோணியை ஞாபகப்படுத்தும். உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசி, பின்புறமிருந்து தண்ணீரை மழைபோலத் தெளிப்பார்கள். இரை துள்ளுகிறது என்று நினைத்து மேலே வரும் சூரையை, எதிர்முள் இல்லாத கொக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைக்கு மேல் பின்னால் எறிவார்கள். சுருக்குமடிக்கு அங்கே அனுமதி இல்லை. 2012இல் இந்த வரிச்சூரை மீன்பிடிக்கு எம்எஸ்சி சான்றிதழ் கிடைத்தது. நம் தென்கரைக்கும் ஈழத்துக்கும் அந்த மீன் புதிதல்ல. அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்ததுதான் சம்பலில் இடித்துப் போடுகிற மாசி.

உலகத்தின் எல்லா டின்னையும் கழித்தூண்டிலால் நிரப்ப முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வலை மீனிலும் ஒழுங்கு சாத்தியம். பசிபிக்கில் நவ்ரு உடன்படிக்கையின் 8 தீவு நாடுகள் மீன்பிடி நாட்களை எண்ணி விற்கின்றன. 2010இலிருந்து ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும் ஒரு பார்வையாளர் ஏற வேண்டும் என்று வைத்தார்கள். மிதவை இல்லாமல் பிடித்த அவர்களுடைய வரிச்சூரைக்கு 2011இல் எம்எஸ்சி சான்று கிடைத்தது. அதனால் கடை கேட்க வேண்டியது 'வலையா, தூண்டிலா' என்று மட்டுமல்ல. எந்தக் கடல், எந்த இனம், மிதவை உண்டா இல்லையா, கப்பலில் பார்வையாளரோ கேமராவோ இருந்ததா என்று முழுசாகக் கேட்க வேண்டும்.

தூத்துக்குடியில் அம்மா மீன் வாங்கப் போனால் இதைத்தான் கேட்பாள். "யக்கா, தூண்டில் மீனா, மடி மீனா? ஐஸ்ல எத்தன நாளு கெடந்துச்சு?" "காலைல ஏலத்துல எடுத்ததும்மா, செவுளத் தூக்கிப் பாரு." அங்கே சங்கிலிக்கு மூன்று கண்ணிகள்தான்: படகு, ஏலம், கூடை. பொய் சொன்னால் நாளைக்கு அதே முகத்தைப் பார்க்க வேண்டும். டின் டியூனாவில் அந்த முகம் இல்லை. அம்மா கேட்கிற கேள்வியை அவளுக்காகக் கடைதான் கேட்டாக வேண்டும்.

மனிதர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். லாங் ஷிங் 629 என்ற சீனச் சூரைக் கப்பல் ஒரு வருடத்துக்கும் மேல் கரை தொடாமல் கடலிலேயே இருந்தது. அதில் வேலை பார்த்த இந்தோனேசிய இளைஞர்கள் நாலு பேர் இறந்துபோனார்கள். மூன்று பேரின் உடல்களைக் கடலில் போட்டார்கள். 2020 மே மாதம் அந்த வீடியோ தென்கொரியத் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் அந்தக் கப்பலின் நிறுவனம் பிடித்த மீனை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கரைக்கு வராமல் ஒரு கப்பல் ஓடுகிறது என்றால், பிடித்த மீனை வாங்கிக்கொண்டு எரிபொருளையும் சாப்பாட்டையும் கொடுக்க நடுக்கடலுக்கே இன்னொரு கப்பல் வருகிறது என்று அர்த்தம். நல்ல மீனையும் கள்ள மீனையும் கலப்பதற்கு அதுதான் வசதி, ஆட்களை அடைத்து வைப்பதற்கும் அதுதான் வசதி. நடுக்கடலில் கைமாறிய மீனை வாங்குவதில்லை, வாங்கினாலும் பார்வையாளர் இருந்தால் மட்டும்தான் என்று ஒரு கடை ஒப்பந்தத்தில் எழுதினால் ஒரே வரியில் இரண்டையும் தொடலாம்.

போர்ட்டலில் நாங்கள் சேர்த்தது ஒரே ஒரு கட்டம்: கப்பலின் ஐஎம்ஓ எண். கப்பல் பெயர் மாற்றும், கொடி மாற்றும், முதலாளி மாறுவார். அந்த 7 இலக்கம் மாறாது. டேட்டாபேஸ்காரனுக்கு இதைவிட நல்ல பிரைமரி கீ கிடைக்காது. டீமில் ஒருவர் சொன்னார், "ஜி, இதை மேண்டேட்டரி ஆக்கினா பாதிப் பேரு சப்மிட்டே பண்ண மாட்டாங்க. ஆப்ஷனலா விட்டுடுங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. டின் தொழிற்சாலையில் பல கப்பல்களின் மீன் ஒரே நாளில் ஓடும், பிரித்து எழுதுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கடையின் கொள்முதல் பிரிவில் இருந்த பெண்மணி ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். கட்டம் கட்டாயமா என்பதல்ல விஷயம், நிரப்பாவிட்டால் பணம் நிற்குமா என்பதுதான் விஷயம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: பிரித்து வைக்கச் சொன்னால் அதற்கான கூலியை நாம்தான் தர வேண்டும். சொந்த பிராண்டுக்கு மட்டும் முதலில் கட்டாயமாக்கினார்கள். மாதாமாதம் குறைந்த விலை தேடி ஓடுவதை விட்டு, நீண்ட கால ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு சப்ளையர்கள் விலகினார்கள். டின் விலை கொஞ்சம் ஏறியது.

அந்த ஏறிய விலையைப் பற்றித்தான் கடைகள் பேசத் தயங்குகின்றன. நீலநிற முத்திரையை அச்சடிப்பது மலிவு. இன்ன கப்பலிலிருந்து வாங்கினோம் என்று பட்டியலை எல்லோரும் பார்க்கப் போடுவதற்குத்தான் செலவாகும், அதுவும் பாதி தைரியம் பிடிக்கிற செலவு. தெரியாத மீனை எப்போதும் குறைந்த விலைக்கு வாங்கலாம். அந்தத் தள்ளுபடியை யாரோ ஒருவர் கடலில் கட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது எங்கள் அட்டவணையில் ஒரு டின்னின் பேட்ச் எண்ணைத் தட்டினால் நாலு கப்பல்கள் வருகின்றன. மூன்றுக்கு எண் இருக்கிறது. நாலாவது கட்டத்தில் 'சரிபார்ப்பில்' என்று இருக்கிறது. அது நிரம்பும் வரை அந்த பேட்ச் கிடங்கிலேயே இருக்கும்.