திருகாணிப் பாடம்

"மரை கழன்றவள்" என்று யாராவது என்னைச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. மரை கழன்றால் என்ன ஆகும் என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். 'இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள்! காதில் தோடு போட்டிருக்கிற ஒவ்வொருத்திக்கும் இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைப் பார்த்து எழுதி வரும்படி எங்கள் ஆசிரியர் பணித்தார். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன ஊர் அல்லவா? "18 அடி ஆஞ்சநேயரைத் தரிசித்து எத்தனை நாளாயிற்று!" என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள்.

சேலத்தில் காலையில் பார்த்தால், காரின் இடது முன் சக்கரம் பஞ்சர். தெருமுனைக் கடைப் பையன் ஒட்டி, மாட்டி, பத்தே நிமிஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டான். வேலை இத்தனை சீக்கிரம் முடிந்ததே என்று நானும் சந்தோஷமாகப் பணத்தை நீட்டினேன்.

மல்லூர் தாண்டியதும் அம்மா, "ஏண்டி, வண்டி முனகுகிறதே?" என்றாள்.

"ரோடு சரியில்லை, அம்மா."

"ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. கிரைண்டரில் கல் ஆடினால் இப்படித்தான் சத்தம் வரும். நிறுத்து!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அம்மாவின் வாயை மூடுவதற்காகத்தான் நிறுத்தினேன்.

எதிரே ஒரு டீக்கடை. அங்கே லாரியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க அம்மிணி, என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சக்கரத்தின் அருகில் குந்தி, ஒரு நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். பாட்டில் மூடியைப் போல் அது சுழன்று வந்தது! நான்கு நட்டுகளில் இரண்டு அப்படி. மூன்றாவது, கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் முழுவதையும் நாலாவது ஒன்றே தாங்கியிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா, சக்கரம் உங்களுக்கு முன்னால நாமக்கல் போய்ச் சேர்ந்திருக்குமுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து வந்தவள் என் அம்மா.

போல்ட்டின் மரையும் சக்கரத்தின் துளையும் தேயவில்லை என்று பார்த்துக்கொண்டு, பெரியவர் ஜாக்கியை வைத்தார். நட்டுகளை முதலில் வெறும் விரலாலேயே ஏற்றினார். விரலுக்கு வழிவிடாத நட்டு மரையில் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தமாம். பிறகு ஸ்பானரால், ஒன்றை முடுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர்நட்டுக்குப் போனார். ஐந்து நட்டுச் சக்கரமானால், கோடு எடுக்காமல் நட்சத்திரக் கோலம் போடுவோமே, அந்த வரிசை. அப்போதுதான் சக்கரம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளாமல் சமமாகப் படியும். பிறகு ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பின்னரே முழு இறுக்கம் கொடுத்தார். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி. தூக்கி நிறுத்திய வண்டியில் பலம் காட்டினால் வண்டி சரிந்துவிடும்.

"ஏறி மிதித்து இறுக்கக் கூடாதா?" என்றேன். "மரையில் கொஞ்சம் எண்ணெய்?"

"ரெண்டும் ஆகாதுங்க, அம்மிணி. நான் கிளீனரா இருந்தப்போ ஒருநாள் ஸ்பானர் மேல ஏறி நின்னு குதிச்சேன். அந்தக் காலத்து லாரிக்கு இடது பக்கம் எதிர் மரைங்க. கழட்டறதா நெனச்சு இறுக்கி, போல்ட்டையே ஒடிச்சுப்புட்டேன். ராத்திரி பூரா ரோட்டோரந்தான்!"

எதிர் மரையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சைக்கிளின் இடது பெடல் அப்படிப்பட்டதுதான். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு அது.

மத்தியானம் நாமக்கல் பட்டறையில் மிச்சப் பாடம் கிடைத்தது. போல்ட் என்பது ஒரு சுருள் கம்பி மாதிரியாம். நட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் நீளுகிறது. மறுபடி சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறுக்கம் குறைந்தால் பிடிப்பு இல்லை. மிஞ்சினால் போல்ட் நீண்டபடியே நின்று, ஒருநாள் ஒடிந்துபோகும். எண்ணெய் விட்டால் மரை வழுக்கி, அதே கைப் பலத்துக்கே போல்ட் அளவு மீறி நீண்டுவிடும். அளவாக இறுக்க டார்க் ரென்ச் என்று ஒரு கருவி இருக்கிறது. கார் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதாவது, ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட பலம். வண்டிக்கு வண்டி இது மாறும். பெரிய லாரிக்கு ஐந்தாறு மடங்கு கூட ஆகலாம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும்.

வீட்டுக்கும் ஒரு குறிப்பு. நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிப்பது வாய் திறந்த ஸ்பானர். ஆறு மூலையையும் அணைத்துப் பிடிப்பது ரிங் ஸ்பானர். இறுகிப்போன நட்டுக்கு ரிங்கைத்தான் எடுக்க வேண்டும். அளவு பொருந்தாத ஸ்பானரும் குறடும் நட்டின் மூலையை மழுக்கிவிடும். சின்ன ஸ்பானர் குட்டையாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. சின்ன நட்டுக்கு அந்த நீளத்துப் பலமே போதும். ஸ்பானரைத் தள்ளாமல், தன் பக்கம் இழுக்க வேண்டும். நழுவினால் விரல் முட்டி தப்பும்!

பெரியவர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். "50 கிலோமீட்டர் போனதும் நட்டை மறுக்கா பாருங்க. துருவும் தூசியும் அமுங்கி லேசா இளகும்." மாலையில் கோயில் வாசலில் ஸ்பானரை எடுத்துப் பார்த்தேன். ஒரு நட்டு கால் சுற்று இளகியிருந்தது.

எழுந்து பார்த்தால், காருக்குள் அம்மா விரல் நுனியால் தோட்டுத் திருகாணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கிளம்பும்போதெல்லாம், 50 வருஷமாக அவளுக்கு அது பழக்கம்.

"ஒரு தரம் இறுக்கிவிட்டால் போதாதா, அம்மா?" என்று சின்ன வயதில் கேலி செய்திருக்கிறேன். அன்று கேலி செய்யவில்லை. பேசாமல் அடுத்த சக்கரத்துக்குப் போனேன்.