ஸ்கொட்லாந்தின் ‘ஏ-9’ வீதியிலே

‘ஏ-9’ என்றதும் நம் நாட்டுத் தமிழ்மக்களின் நினைவுக்கு வருவது கண்டியிற் புறப்பட்டு, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு ஆகிய இடங்களைக் கடந்து யாழ்ப்பாணத்தைச் சென்றடையும் நெடுவீதியேயாகும். போர்க்காலத்தில் அவ்வீதி ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்ததும், 2002 இல் திறக்கப்பட்டு 2006 இல் மீண்டும் மூடப்பட்டதும், 2009 இல் போர் ஓய்ந்த பின்னரே மக்களுக்கு மீண்டதும் யாவரும் அறிந்தவை.

அதே பெயரைத் தாங்கிய மற்றொரு வீதி ஸ்கொட்லாந்து நாட்டில் உண்டு. போல்கேர்க் நகருக்கு அண்மையிலே தொடங்கி, ஸ்ரேர்லிங், பேர்த், இன்வர்னஸ் ஆகிய நகரங்களின் அருகாகச் சென்று, வடகோடியிலுள்ள ஸ்க்ராப்ஸ்ரர் துறைமுகம் வரை ஏறக்குறைய 440 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதுவும் வடக்கு நோக்கிச் செல்லும் வீதி. அதுவும் பல குடும்பங்களைக் கண்ணீர் சிந்த வைத்த வீதி. அங்கே உயிர்களைப் பலிகொண்டது வேகமும் பொறுமையின்மையுமே. அவ்விரண்டையும் அந்நாட்டார் எவ்வாறு அடக்க முயன்றனர் என்பதை, பேர்த்திலிருந்து இன்வர்னஸ் வரை காரிற் சென்ற பயணத்தின்போது நாம் கண்டறிந்தோம்.

எண்ணில்லாத பலகை

பேர்த்துக்கும் இன்வர்னஸுக்கும் இடையே 110 மைல். நம்மை அழைத்துச் சென்றவர் யாழ்ப்பாணத்தினின்றும் சென்று அங்கே குடியேறிய இளைஞர் ஒருவர். பொதிகளை ஊரூராக எடுத்துச் சென்று சேர்ப்பிக்கும் வான் சாரதியாகத் தொழில் புரிபவர். ஆகவே அவ்வீதியின் ஒவ்வொரு வளைவும் அவருக்குப் பாடம்.

பேர்த்தை விட்டு நீங்கியதும் சமநிலம் மறைந்து குன்றுகளும் பைன் மரக்காடுகளும் எதிர்ப்படுகின்றன. சிறிது தூரத்தில் பேர்ணம் என்னும் சிற்றூர். சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தைக் கற்ற மாணவர்கள் பேர்ணம் வனத்தை மறந்திருக்கமாட்டார்கள். அடுத்துள்ள டன்கெல்டில், தே ஆற்றுக்கு மேலே தோமஸ் ரெல்போர்ட் என்னும் பொறியியலறிஞர் 1809 இல் முடித்த கற்பாலம் இன்றும் நின்று பயன் தருகின்றது.

இவ்வீதியின் பெருங்குறை யாதெனில், அது ஒரே தன்மையதன்று என்பதே. சில மைல் தூரம் போகும் வாகனங்களுக்கும் வரும் வாகனங்களுக்கும் தனித்தனியே இரட்டைப் பாதை. பின்பு திடீரென ஒற்றைப் பாதை. மறுபடியும் இரட்டைப் பாதை. லொறி ஒன்றின் பின்னே நெடுநேரம் ஊர்ந்து சலித்த சாரதி, எதிரே வருவதைச் சரிவர நோக்காது முந்த முயல்கின்றான். இருபுறத்து வேகமும் ஒன்றுசேர்ந்து மோதும்போது தப்புதல் அரிது.

வீதியோரத்திலே, வெண்ணிற வட்டத்தின் குறுக்கே கரிய கோடொன்று சாய்வாக இடப்பட்ட பலகையை அடிக்கடி கண்டோம். அதில் எண் எதுவும் இல்லை. “விரும்பிய வேகத்திற் செல்லலாம் என்பதோ இதன் பொருள்?” என்று வினவினோம். இளைஞர் நகைத்தார்.

“இல்லை ஐயா. நாட்டுக்குப் பொதுவான எல்லை எண்டதுதான் அதின்ரை கருத்து. கார் எண்டால் ஒற்றைப் பாதையிலை 60 மைல், இரட்டைப் பாதையிலை 70. என்ரை பெரிய வானுக்கு 50, 60. பலகை ஒண்டுதான், எந்த வாகனத்திலை இருக்கிறம் எண்டதை நாங்கள்தான் ஞாபகம் வைச்சிருக்க வேணும்.”

நம் நாட்டினின்றும் செல்வோர் கவனிக்கவேண்டிய செய்தி இது. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு பிரித்தானியாவிலே 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம்; அங்கும் இங்குபோல வீதியின் இடப்பக்கமே செல்லவேண்டும். எனினும் அங்கே கணக்கு மைலிலே. 60 மைல் என்பது 96 கிலோமீற்றருக்குச் சமம். தெருவிளக்குகள் வரிசையாக நிற்கும் ஊர்ப்புறத்தில், வேறு பலகை இல்லாவிடின் எல்லை 30 மைல் எனக் கொள்ளல் வேண்டும். வேல்ஸ் நாட்டிலோ 2023 செப்டெம்பர் முதல் அத்தகைய வீதிகளுட் பெரும்பாலானவற்றில் 20 மைலே எல்லையாயிற்று. எண் காணாதவிடத்து விளக்குக் கம்பத்தை நோக்குக என்பதே இங்கு கொள்ளத்தக்க சூத்திரம்.

மஞ்சட் கம்பங்கள்

டன்கெல்டைக் கடந்தபின் உயர்ந்த மஞ்சட் கம்பங்களைக் கண்டோம். அவற்றின் உச்சியில் கமராக்கள் கீழ்நோக்கியிருந்தன. டன்பிளேன் முதல் இன்வர்னஸ் வரை இவை 2014 ஒக்டோபர் 28 ஆந் திகதி இயங்கத் தொடங்கின.

வேகத்தைப் பிடிக்கும் பழைய கமராவின் கதை சுவையானது. மொறிஸ் கற்சோனிடெஸ் என்னும் ஒல்லாந்தர், 1953 இல் மொன்ரி கார்லோ கார்ப் போட்டியில் வென்றவர். வளைவுகளிலே தாம் இன்னும் விரைந்து செல்வது எவ்வாறு என்று அறியும் பொருட்டே அவர் வேகத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். விரைவை விரும்பியவர் செய்த அக்கருவியின் வழிவந்த கமராக்கள், 1990 களின் தொடக்கத்திலிருந்து பிரித்தானிய வீதிகளில் விரைவோரைப் பிடிக்கலாயின! ஆயினும் அதற்கொரு குறையுண்டு. அது நிற்கும் இடத்தை அறிந்த சாரதி, அண்மித்ததும் பிறேக்கை அழுத்துவான். கடந்ததும் மீண்டும் பறப்பான்.

மஞ்சட் கம்பத்தின் முறை வேறு. முதற் கம்பம் வாகனத்தின் இலக்கத் தகட்டைப் படித்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பல மைல் தாண்டி நிற்கும் மற்றக் கம்பம் அதே தகட்டை மீண்டும் படிக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் முன்பே அளக்கப்பட்டது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்துக்கு ஒரு மைல். எனவே 6 மைல் தூரத்தை 6 நிமிடத்திற் கடந்தவன் எல்லைக்குட்பட்டவன். 5 நிமிடத்திற் கடந்தவன் 72 மைல் வேகத்திற் சென்றவன். நம் பள்ளிச் சிறுவர் செய்யும் கணக்கே அங்கே நீதிபதியாக இருக்கின்றது.

“அந்தக் கம்பத்தைக் கண்டு பிறேக் பிடிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை, ஐயா,” என்றார் இளைஞர். “எத்தனை மணிக்கு வந்தனாங்கள், எத்தனை மணிக்குப் போறம் எண்டுதான் அது பாக்குது.”

“இடையில் எங்கேனும் நிறுத்தித் தேநீர் அருந்தினால்?”

“தப்பலாம். ஆனால் ஓடி மிச்சம் பிடிச்ச நேரத்தைத் தேத்தண்ணிக் கடையிலை குடுத்துப்போட்டுத்தானே போக வேணும்? பிறகு ஏன் ஓடுவான்?”

அவர் கூறியதை எண்ணியெண்ணி வியந்தோம். களவாக ஈட்டிய நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்தாலன்றித் தப்ப இயலாது. திருப்பிக் கொடுத்தாலோ ஈட்டியதனாற் பயனில்லை. வேகத்தின் பயனின்மையை இதனினும் தெளிவாக உணர்த்தவல்ல கருவி வேறில்லை.

பன்னிரண்டு புள்ளிகள்

எல்லை மீறியோர்க்கு வரும் தண்டம் பணத்தோடு முடிவதில்லை. சாதாரண மீறலுக்கு 100 பவுணும் 3 தண்டப்புள்ளிகளும் விதிக்கப்படும். புள்ளிகள் அனுமதிப்பத்திரப் பதிவேட்டில் 4 ஆண்டுகள் கிடக்கும். 3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேருமாயின், நீதிமன்றம் பொதுவாகக் குறைந்தது 6 மாதங்களுக்குச் சாரத்தியத்தைத் தடைசெய்யும். புதிதாக அனுமதி பெற்றோர் முதல் 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகளைப் பெற்றாலே அனுமதியை இழந்து, மீண்டும் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். அதாவது இருமுறை தவறினாற் போதும்!

அறிவித்தல் பொதுவாக 14 நாட்களுள் வாகனத்தின் பதிவாளருக்கு அனுப்பப்படும்; ஓட்டியவர் யார் என்பதை அவர் தெரிவித்தே தீரவேண்டும். தெரிவிக்கத் தவறின் அதற்கே 6 புள்ளிகள். தம்பி செய்த பிழையைத் தமையன் ஏற்றுக்கொள்வதும், மகனுக்காகத் தந்தை பொய்யுரைப்பதும் பாசமாகத் தோன்றலாம். அந்நாட்டுச் சட்டம் அதனைப் பெருங்குற்றமாகக் கொண்டு சிறைக்கும் அனுப்பவல்லது.

புலம்பெயர்ந்து வாழும் நம்மவருள் வானும் டாக்சியும் ஓட்டிப் பிழைப்போர் பலர். அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் என்பது உழுபவனுக்கு ஏர்போன்றது. அவர்களது உழைப்பை எதிர்பார்த்து இங்கே ஒரு வீட்டில் அடுப்பு எரிகின்றது. ஒரு தங்கையின் படிப்பு நடைபெறுகின்றது. நான்கு முறை கால்மணி நேரத்தை மிச்சப்படுத்த எண்ணியவன் ஆறு மாத உழைப்பை இழப்பானாயின், அஃது எவ்வகை வாணிபம்?

பன்றிமலைகளுக்கு நடுவே

பிற்லொக்ரியையும் பிளேர் அதோலையும் கடந்தபின் மரங்கள் அருகி, வீதி மேலே ஏறிச் செல்கின்றது. ட்ரமொக்ரர் கணவாயை அடைந்தோம். கடல் மட்டத்துக்கு மேல் 460 மீற்றர்; அருகே புகையிரதப் பாதையும் உடன்வருகின்றது. மேற்கே நிற்கும் மலைகளுள் ஒன்றுக்கு ‘அதோலின் பெண்பன்றி’ என்றும், மற்றொன்றுக்கு ‘பாடனொக்கின் ஆண்பன்றி’ என்றும் பெயர். பனிபெய்யும் காலத்தில் வீதியை அடைப்பதற்குக் கதவுகள் உண்டு. அந்திவேளைகளிற் செம்மான்கள் வீதியைக் கடப்பதும் வழக்கம். பிரித்தானியத் தளபதி ஜோர்ஜ் வேட் 1728 முதல் 1730 வரை இவ்வழியே படைகள் செல்வதற்கு வீதி அமைத்தார். படைவீரர் பல நாள் நடந்த தூரத்தை இன்று இரண்டு மணி நேரத்திற் கடக்கிறோம். அதுவும் போதாதென்று பதறுகிறோம்.

110 மைலையும் 60 மைல் வேகத்திற் சென்றால் 1 மணி 50 நிமிடம். முழுத் தூரத்தையும் தடையேதுமின்றி 70 மைல் வேகத்தில் ஓடினாலும் 1 மணி 34 நிமிடம். மிச்சம் 16 நிமிடமே. இதற்கு ஈடாகக் கொடுப்பது யாது? 60 மைல் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு 73 மீற்றர் வேண்டும். 70 மைல் வேகத்தில் 96 மீற்றர் வேண்டும். அந்த 23 மீற்றருக்குள்ளே ஒரு மான் நிற்கலாம்; ஒரு குழந்தையும் நிற்கலாம்.

தண்டிப்பதோடு நில்லாமல், சாரதிக்கு உதவிசெய்யவும் அந்நாட்டார் முயன்றதைக் கண்டு மகிழ்ந்தோம். இரட்டைப் பாதை இன்னும் எத்தனை மைலில் வரும் என்று அறிவிக்கும் பலகைகளை நாட்டியிருக்கின்றனர். இரண்டு மைலில் முந்தலாம் என அறிந்தவன் இப்பொழுதே முந்தத் துடிக்கமாட்டான் அல்லவா? மற்றொன்றும் நுட்பமானது. ஒற்றைப் பாதையில் 40 மைலாயிருந்த பார லொறிகளின் எல்லையை, கமராக்கள் வந்த அன்றே பேர்த்–இன்வர்னஸ் பகுதியில் 50 ஆக உயர்த்திப் பரீட்சித்தனர். மெதுவாகச் செல்வோர் சற்று விரைந்தால், பின்னே வருவோரின் சினம் தணியுமென்பது அவர்தம் கருத்து.

நம் இளைஞரும் தமக்கென ஒரு நியமம் வைத்திருந்தார். எல்லைக்கு மேற்படாதபடி காரின் வேகத்தை முன்கூட்டியே நிறுத்திவைக்கும் பொறியை இயக்கிக்கொள்வார். ஒற்றைப் பாதை தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைப்பார். எவ்விடத்துக்கும் கால்மணி நேரம் முந்தியே புறப்படுவார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்களில், வேகப்பலகையைத் தானே படித்துச் சாரதியை எச்சரிக்கும் கருவி இருத்தல் வேண்டுமென விதித்துள்ளனர். ஆயினும் கால்மணி முந்திப் புறப்படும் பழக்கத்தை எக்கருவியும் தரமாட்டாது.

இத்திட்டத்துக்குத் தொடக்கத்தில் எதிர்ப்புப் பலமாகவே எழுந்தது. வீதியை அகலமாக்காது கமராவை நாட்டுவதால் யாது பயன் எனப் பலர் கேட்டனர். கமராக்கள் வந்த சில மாதங்களில், மூவருள் ஒருவர் எல்லை மீறிய நிலை மாறிப் பதினைவருள் ஒருவரே மீறினர் என வீதிப் பாதுகாப்புக் குழுவினர் அறிவித்தனர். எனினும் கேட்டவர்களின் வினாவிலும் நியாயம் உண்டு. பேர்த்–இன்வர்னஸ் வீதி முழுவதையும் 2025 க்குள் இரட்டைப் பாதையாக்குவோம் என 2011 இல் அளித்த வாக்கு நிறைவேறவில்லை. 2023 டிசெம்பரில் அத்தவணை 2035 வரை நீட்டப்பட்டது. வாகனம் ஓட்டுவோன் பொறுமை காக்கவேண்டும். வீதி அமைப்போனும் வாக்குக் காக்கவேண்டும். இரண்டும் கூடினாலன்றி விபத்து ஒழியாது.

அவீமோரையும் ஸ்லொக்ட் மேட்டையும் தாண்டி இறங்கியபோது, இன்வர்னஸ் நகரும் அதற்கப்பால் மொறே கடற்குடாவும் மாலையொளியிற் பொலிந்தன. நெஸ் ஆறு ஆரவாரமின்றிக் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

நமது ஏ-9 வீதி இன்று செப்பனிடப்பட்டு நேராகவும் அகலமாகவும் கிடக்கின்றது. நேரான வீதி வேகத்துக்கு அழைப்பு விடுக்கும். இரவிலே மாடுகள் குறுக்கிடுவதும், வீதியோரத்தில் விளக்கின்றி லொறிகள் நிற்பதும் நாம் அறிந்தவையே. தண்டப்புள்ளி முறைபற்றிய பேச்சு நம் நாட்டிலும் நெடுநாளாக உண்டு. சட்டம் தன் வழியே வரட்டும். அது வருமுன்னரே, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு தந்தையும் கால்மணி நேரம் முந்திப் புறப்படுவானாயின் அதுவே பெரும் பாதுகாப்பாகும். அவ்வீதி திறக்கும் நாளுக்காக ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு காத்திருந்த மக்கள் நாம். அதிற் செல்லும்போது பதினாறு நிமிடம் பொறுத்தல் நமக்கு அரிதோ?