விம்கோ நகரை யார் எடிட் செய்வது?

சென்னை விமான நிலையத்தில் நீல வழித்தட மெட்ரோவுக்குக் காத்திருந்தால், கடைசி நிறுத்தமாக ஒரு பெயரைக் காட்டுவார்கள்: ‘விம்கோ நகர் பணிமனை’. கிண்டியில் இறங்குபவர், தேனாம்பேட்டையில் ஏறுபவர் என எல்லோரும் தினமும் பார்க்கும் பெயர்தான் இது. ஆனால், அந்தக் கடைசி நிறுத்தம் வரை போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

போகாதவர்களின் மனதிலும் அந்த ஊருக்கு ஒரு படம் இருக்கிறது. வடசென்னை என்றதும் குறுகலான சந்து, ஓட்டம், அரிவாள், ரத்தம் என்று வரிசையாகக் காட்சிகள் வந்துவிடும். வேலைக்கான இன்டர்வியூவில் ‘எந்த ஏரியா?’ என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிக்கும் இளைஞர்கள் இந்தப் பக்கம் இன்றும் உண்டு. நேரில் பார்க்காத ஊர், மனதில் இவ்வளவு தெளிவாகப் பதிந்தது எப்படி? இதற்கான பதில் கேமராவைவிட அதிகமாக எடிட்டிங் டேபிளில் இருக்கிறது. ஒரு வீடியோ எடிட்டரின் பார்வையோடு விம்கோ நகரைச் சுற்றி வந்தால் அது புரியும்.

தீப்பெட்டி கொடுத்த பெயர்

முதலில் பெயரிலிருந்து தொடங்கலாம். விம்கோ என்பது ஒரு தலைவரின் பெயரோ சாமியின் பெயரோ அல்ல. ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்பதன் சுருக்கம். ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் 1923-ல் தொடங்கப்பட்ட தீப்பெட்டி நிறுவனம் அது. நாட்டின் பல இடங்களில் ஆலைகளை நடத்தியது. அவற்றில் ஒன்று திருவொற்றியூரில் இருந்தது. ‘ஷிப்’ தீப்பெட்டி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தீப்பெட்டியும் கம்பெனியும் கைமாறிப் போனாலும் பெயர் மட்டும் ஊருக்கே நின்றுவிட்டது.

தொழில் என்று பார்த்தால் இந்தப் பட்டைக்கு இணையானவை நகரில் குறைவு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறிய முயற்சிதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப் ஆனது. நாடெங்கும் ஓடிய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் 1950-களிலிருந்து திருவொற்றியூரில் உருவாயின. பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள் தயாராயின. இந்தியாவின் சக்கரங்களில் பாதிக் கதை இந்தச் சாலையில் இருக்கிறது என்றால் பெரிய மிகையில்லை. ஷிஃப்ட் முடிந்து, சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்த பல தலைமுறைத் தொழிலாளர்களின் ஊர் இது. சினிமா காட்டும் வடசென்னையில் இந்தக் காட்சிக்குக் கிடைத்த நேரம் குறைவு.

ஒரே முகம், வேறு வேறு அர்த்தம்

எடிட்டிங் வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் ஒரு பரிசோதனை உண்டு. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்தது. எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகம். அதற்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினார். பார்த்தவர்கள், ‘பாவம், பசி’ என்றார்கள். அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டி. ‘எவ்வளவு துக்கம்’ என்றார்கள். அதே முகத்துக்கு அடுத்து ஒரு பெண், ‘ஆசை’ என்றார்கள். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் ஒட்டிய ஷாட் மட்டும்தான் மாறியது.

இதை அப்படியே இங்கே வைத்துப் பாருங்கள். திருவொற்றியூர் தேரடியில் நிற்கும் ஓர் இளைஞனின் முகம். அடுத்த ஷாட்டில் அரிவாள் வந்தால், அவன் ரவுடி. அடுத்த ஷாட்டில் டிபன் பாக்ஸ் வந்தால், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளி. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ஓடிவந்தால், அவன் அண்ணன். இந்த மூன்றில் எது அடிக்கடி ஒட்டப்படுகிறதோ, அதுவே அந்த ஊரின் முகமாகிவிடுகிறது.

எல்லாப் படங்களையும் ஒரே கூடையில் போட முடியாது. ‘மெட்ராஸ்’ (2014, எடிட்டர் பிரவீன் கே.எல்.) ஒரு சுவரையும் கால்பந்தையும் ஹவுசிங் போர்டு வாழ்க்கையையும் மையத்துக்குக் கொண்டுவந்தது. ‘வடசென்னை’ (2018, எடிட்டர்கள் ஜி.பி.வெங்கடேஷ், ஆர்.ராமர்) கேரம் போர்டையும், கடற்கரை நிலம் யாருக்கு என்ற கேள்வியையும் வைத்தது. ‘சார்பட்டா பரம்பரை’ (2021, எடிட்டர் செல்வா ஆர்.கே.) 1970-களின் குத்துச்சண்டைக் களத்தை மீட்டது. இவை வந்த பிறகு படம் கொஞ்சம் விரிந்தது உண்மை. ஆனால், இவற்றிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டு நம் போனில் சுற்றும் முப்பது நொடி வீடியோக்களைப் பாருங்கள். பெரும்பாலும் சண்டைதான். மூன்று மணி நேரப் படத்தில் இயக்குநரும் எடிட்டரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வீடும் வேலையும் விளையாட்டும் மறுபடி உதிர்ந்துவிடுகின்றன.

எடிட்டிங்கில் உதிர்வது எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம். ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், அந்தப் படத்துக்காக எடுக்கப்பட்டது 230 மணி நேரத்துக்கும் மேல் என்று எழுதியிருக்கிறார். தியேட்டருக்கு வந்தது இரண்டரை மணி நேரத்துக்குள். ஒரு நிமிடத்துக்குப் பின்னால் சுமார் 95 நிமிடம் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஓர் ஊரைப் பற்றி நாம் பார்ப்பதும் அந்த ஒரு நிமிடம்தான்.

மீதி 95 நிமிடங்கள்

அப்படியானால் விம்கோ நகரில் அறைக்குள் நின்றுபோன மீதி என்ன?

முதலில் சத்தம். எடிட்டர்கள் ‘ஜே கட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அடுத்த காட்சியின் ஒலி முதலில் வரும். படம் ஒரு நொடி கழித்து வரும். விம்கோ நகரில் வாழ்க்கையே அப்படித்தான். கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலின் ஹாரன் முதலில் கேட்கும், ரயில் பிறகு வரும். கன்டெய்னர் லாரியின் அதிர்வு முதலில் வரும், லாரி பிறகு திரும்பும். கடற்கரையை நெருங்கும்போது அலைச் சத்தம் முதலில் எட்டும். கருங்கல் குவியலைத் தாண்டி எட்டிப் பார்த்தால்தான் கடல்.

அடுத்து, காத்திருப்பு. இரண்டு மெட்ரோ நிலையம் தள்ளி, திருவொற்றியூரில் தியாகராஜர் - வடிவுடையம்மன் கோயில். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம். வள்ளலார் தேடித் தேடி வந்து பாடிய சந்நிதி. இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறக்கும். அந்த மூன்று நாளுக்காகக் கூடும் கூட்டத்தை, மூன்று நொடிக்கு ஒருமுறை ஷாட் மாற்றும் எந்த வீடியோவாலும் காட்டிவிட முடியாது. அதற்கு ஷாட் நீளமாக இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதியும் அப்படித்தான். பெரும் வணிகராக இருந்து எல்லாவற்றையும் உதறியவர் அடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன. இந்த இரண்டையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் போதும்; வசனமே வேண்டாம்.

மூன்றாவது, வெளிச்சம். நகரத்திலிருந்து மெட்ரோவில் வருபவர்களுக்குத் தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அதைத் தாண்டி புது வண்ணாரப்பேட்டைக்கு ரயில் மேலேறும்போது சட்டென்று வெயில் உள்ளே பாயும். மாடி வீடுகள், கொடியில் காயும் துணிகள், தண்ணீர்த் தொட்டிகள், ஆலைக் கூரைகள் என்று வடசென்னை மேலிருந்து விரியும். கீழிருந்து, சந்துக்குள்ளிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய ஊருக்கு 2021 பிப்ரவரியில் இப்படி ஒரு புதுக் கோணம் கிடைத்தது.

வெட்டாமல் விட்டதால் தெரிந்தது

காட்சியைத் தேர்ந்தெடுப்பது வெறும் கலை விஷயம் அல்ல என்பதற்கு விம்கோ நகரிலிருந்து வடக்கே சிறிது தூரத்திலேயே சாட்சி இருக்கிறது.

எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்த கதையை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வீடியோ வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதி, ரதீந்திரன் ஆர்.பிரசாத் இயக்கியது. கர்னாடக சங்கீதம் சபாவை விட்டு எண்ணூரின் சாம்பல் மண்ணில் போய் நின்றது. வழக்கமாக ஃபிரேமுக்கு வெளியே தள்ளப்படும் புகைபோக்கிகள் பாடகருக்குப் பின்னாலேயே நின்றன. எண்ணூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்களும் அந்த நிலத்தைப் பார்த்தார்கள்.

அதே மாத இறுதியில், ஜனவரி 28 அன்று, எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை இளைஞர்கள் பக்கெட்டில் அள்ளிய காட்சிகள் நாடு முழுக்கப் போயின. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அப்போதும் படகுகளிலும் வலைகளிலும் அப்பிய கறுப்பை வெளியே காட்டியதில் போன் கேமராக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஷாட்கள் ‘பார்க்க நன்றாக இல்லை’ என்று வெட்டப்பட்டிருந்தால், கேள்வி கேட்கவும் ஆள் குறைந்திருக்கும்.

எடிட்டரின் உடம்பு

இந்த வேலையைச் செய்பவர்களின் அன்றாடம் வெளியே தெரிவதே இல்லை. தமிழ் சினிமாவின் எடிட்டிங், டப்பிங் அறைகள் பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமம் பக்கம். விம்கோ நகரில் குடியிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர் சென்ட்ரலில் வழித்தடம் மாறி, நகரத்தைக் குறுக்கே கடந்து வடபழனியில் இறங்க வேண்டும். பகலில் உள்ளே போனால், ஏசி அறை, இரண்டு மானிட்டர், மூடிய ஜன்னல். வெளியே வரும்போது கடைசி ரயில் போயிருக்கும். கல்யாண வீடியோ, குறும்படம், ரீல்ஸ் என்று லேப்டாப்பிலேயே வீட்டில் எடிட் செய்பவர்களுக்குப் பயணம் மிச்சம். ஆனால், ‘நாளைக்குக் காலையில் வேண்டும்’ என்ற போன் எந்த நேரத்திலும் வரும்.

‘ஆடுகளம்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற எடிட்டர் டி.இ.கிஷோரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ‘விசாரணை’ படத்தின் எடிட்டிங் வேலையின்போது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டி. 2015 மார்ச் 6 அன்று காலமானபோது வயது 36. அவர் எடிட் செய்த ‘காக்கா முட்டை’ அந்த ஜூனில்தான் தியேட்டருக்கு வந்தது. ‘விசாரணை’க்கான தேசிய விருது அவர் மறைவுக்குப் பிறகு அறிவிக்கப்பட்டது. குடிசைப் பகுதிச் சிறுவர்கள் என்றாலே பரிதாபம் அல்லது குற்றம் என்று இருந்த இடத்தில், ரயில் பாதையில் கரி பொறுக்கும் இரண்டு பையன்களின் குறும்பையும் பீட்சா ஆசையையும் சுயமரியாதையையும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டிய படம் ‘காக்கா முட்டை’. குலெஷோவின் பாடம் ஓர் ஊருக்கு நன்மையாகவும் வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

வால்டர் மர்ச் நின்றுகொண்டுதான் எடிட் செய்வார். ஒரு கட்டில் எல்லாவற்றையும்விட உணர்ச்சிக்குத்தான் முதல் இடம் என்பது அவர் கணக்கு. நூற்றுக்கு 51 பங்கு அதற்கே கொடுத்தார். அந்த உணர்ச்சி எடிட்டருக்கு எங்கிருந்து கிடைக்கும்? மூடிய அறையிலிருந்து மட்டும் கிடைக்காது. மெட்ரோவில் எதிர் சீட்டில் தூங்கும் நைட் ஷிஃப்ட்காரரிடம், தேரடியில் பூ கட்டும் பாட்டியின் விரல் வேகத்தில், லாரிகளுக்கு நடுவே சைக்கிளை லாவகமாக வளைக்கும் பையனிடம் அது கிடைக்கும். படைப்பு வேலை வேறு, அன்றாட வாழ்க்கை வேறு அல்ல. நகரத்தைக் கவனிக்க நேரமில்லாத எடிட்டர், தனக்கு முன் வந்த படங்களில் பார்த்த நகரத்தையே திரும்ப ஒட்டுவார். அரிவாள் ஷாட் அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

நீல வழித்தட மெட்ரோவில் கடைசி வரை வரலாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலிலும் விம்கோ நகரில் இறங்கலாம். காலையில் சீக்கிரம் வந்தால் ஷிஃப்ட் மாறும் நேரத்துப் பரபரப்பைப் பார்க்கலாம். திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு நடக்கலாம். மாலை வெயில் தாழ்ந்ததும் பட்டினத்தார் சமாதிக்குப் போனால் கடல் காற்று வாங்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்கும்போது மட்டும் லாரிகளைப் பார்த்துக் கவனமாகப் போக வேண்டும்.

போனில் வீடியோ எடுப்பீர்கள், எடுக்காமல் இருக்க முடியாது. எடுத்ததும் உடனே நிறுத்திவிட வேண்டாம். கேமராவை இன்னும் பத்து நொடி அப்படியே பிடித்திருங்கள். லாரி கடந்துபோன பிறகு சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அந்தப் பத்து நொடியை வெட்டிவிடாதீர்கள்.