தையலைப் பிரிக்கலாமா?

பழந்துணிகளைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். திபெத்தியப் பிரபுக்கள் விழா நாட்களில் அணிந்த சூபா அங்கி மேசைக்கு வந்துவிட்டால் மற்ற வேலை ஓடாது. துணி சீனத்துப் பட்டு. வெட்டும் தையலும் திபெத்தியருடையவை.

மிங், சிங் அரசவைகள் திபெத்திய மடாலயங்களுக்கும் பிரபுக்களுக்கும் பட்டைப் பரிசாக அனுப்பிவந்தன. 1407இல் நான்ஜிங் போன திபெத்திய லாமா ஐந்தாம் கர்மபாவுக்கு மிங் பேரரசர் யோங்லே தந்த பரிசுகளிலும் பட்டு உண்டு. தைத்த அங்கி, திரைச்சீலை, தைக்காத துணி என்று பலவாக வந்ததைத் திபெத்தியத் தையற்காரர்கள் வெட்டி, வலப்பக்கம் மூடும், கை நீண்ட சூபாவாக்கினார்கள்.

பார்க்க வருகிறவர்களின் கண் டிராகன் மேல் போகும். என் கண் தையல் மேல். சிங் அரசவை அங்கியில் ஒன்பது டிராகன்கள்: எட்டு வெளியே, ஒன்பதாவது முன்மடிப்புக்குள். சூபாவில் இந்தக் கணக்கு நிற்காது. அக்குளில் தனியாக ஒரு நகம் கிடக்கும், கழுத்துப்பட்டியில் அரை மேகம். அதே உடையின் நடுமுதுகில் டிராகன் முகத்தின் இரு பாதிகளும் இழை பிசகாமல் சேர்ந்திருக்கும். கச்சை எங்கே மறைக்கும், எது ஊர் கண்ணில் படும் என்று பார்த்துத்தான் கத்தரி வைத்திருக்கிறார்கள்.

ஜரிகைதான் அதிகம் படுத்தும். தங்க ரேக்கு ஒட்டிய காகிதத்தைக் கீற்றாக நறுக்கிப் பட்டுநூலில் சுற்றியிருப்பார்கள். துணிக்குள் இழுத்தால் உரியும் என்பதால் மேலேயே கிடத்தி, மெல்லிய பட்டிழையால் விட்டுவிட்டுக் கட்டுவார்கள். அந்தக் கட்டுநூல் சிவப்பானால் தங்கமும் செம்மை காட்டும். ஈரம் பட்டால் பசை இளகிவிடும். அலசும் பேச்சுக்கே இடமில்லை. உறிஞ்சுகுழாயின் வாயில் வலை கட்டித் தூசியை மட்டும் எடுப்பேன்.

உள்துணி ஏற்கெனவே விட்டுப்போன இடத்தில் விளக்கடித்துப் பார்த்தால், தையலுக்குள் மடிந்த ஓரம் வெளிச்சமே காணாததால் நெய்த நாளின் நீலத்தோடு இருக்கும். அதைக் காட்டினால், “பிரித்துப் பழைய அங்கியை மீட்டுவிடலாமே?” என்பார்கள். அப்படிப் பிரித்து விற்கப்பட்டவையும் உண்டு. நான் உடன்படுவதில்லை. மிங் காலப் பட்டு இவ்வளவு இன்று மிஞ்சியிருப்பதில் திபெத்தின் வறண்ட குளிருக்கும், துண்டைக்கூட வீணாக்காமல் ஒட்டுப்போட்ட அந்தக் கைகளுக்கும் பெரும்பங்கு. வெட்டி எறிந்த துண்டு திரும்பாது. பிரித்தால் சீன அங்கியும் முழுசாகக் கிடைக்காது, இருக்கிற சூபாவும் போய்விடும்.

அதனால் கிழிசலுக்கு அடியில் சாயமேற்றிய மெல்லிய பட்டு வைத்து, முடிந்தவரை பழைய ஊசித்துளை வழியே தைக்கிறேன். அந்தத் தையற்காரர் போட்ட நூலைத் தொடுவதில்லை.