மெட்டா அனாலிஸிஸ் என்னும் சொல்

ஆங்கிலச் சொற்கள் நம் பேச்சில் கலப்பது புதிதன்று. ரெயில், டாக்டர், போனஸ் என்னும் சொற்கள் தத்தம் பொருளோடு வந்தன. பொருள் விளங்கியமையால் பெயரும் நிலைத்தது. பொருளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் பெயர் மட்டும் கரையேறும் சொற்களும் சில உண்டு. அவற்றுள் ஒன்று ‘மெட்டா அனாலிஸிஸ்’ என்பதாகும். பத்திரிகைகளில் ஆரோக்கியக் குறிப்பு எழுதுவோரும், கைப்பேசியில் செய்தி பரப்புவோரும், மருந்துச் சரக்கு விற்போரும் இன்று இச்சொல்லைத் தாராளமாய் எடுத்தாளுகின்றனர். “மெட்டா அனாலிஸிஸ் நிரூபித்துவிட்டது” என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதன்பின் எதிர்க்கேள்வி கேட்பார் எவருமிலர். அச்சொல்லின் உண்மைப் பொருள் யாது, அதை எவ்விதம் வழங்குகின்றனர், அவ்வழக்கால் நம்மவர்க்கு விளைவது என்ன என்பதை நேயர்களோடு சிறிது ஆராய விரும்புகிறேன்.

‘மெட்டா’ என்பது கிரேக்கச் சொல். பின், அப்பால் என்று பொருள்படும். 1976-ஆம் ஆண்டில் ஜீன் கிளாஸ் என்னும் அறிஞர், அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தில் நிகழ்த்திய தலைமைப் பேருரையில் இப்பெயரை வழங்கினார். ஒரே வினாவைக் குறித்துப் பலர் தனித்தனியே செய்த ஆராய்ச்சிகளின் எண்களைத் திரட்டி, கணித முறைப்படி ஒன்றாக்கி, பொதுவான விடை காண்பதே அவர் கருதிய பொருள். பெயர் புதிதேனும் செயல் பழையது. 1904-ஆம் ஆண்டிலேயே கார்ல் பியர்ஸன் என்னும் ஆங்கிலக் கணித நிபுணர், தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்க்கு டைபாய்டு தடுப்பூசி போட்டதன் பலனைப் பல இடத்துக் கணக்குகளிலிருந்து திரட்டிப் பார்த்தார். கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று கண்டார். ஆகவே, இன்னும் திருத்தமான சோதனை வேண்டும் என்றே எழுதினார். இம்முறையை முதலிற் கையாண்டவர்களுள் ஒருவர் அதைக் கொண்டு பிறர் வாயை அடைக்கவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் எனக்கு இம்முறை அந்நியமாய்த் தோன்றவில்லை. பால் வெட்டுவோர் வாளிகளைக் கொணர்ந்து வரிசையாய் வைக்கின்றனர். வாளிகளை எண்ணிக் கணக்கு முடிப்பாரில்லை. பாலின் நிறையை மட்டும் பார்ப்பாருமில்லை. 40 கிலோ நல்ல பாலில் உலர்ந்த ரப்பர் 14 கிலோ இருக்கலாம். மழைநீர் கலந்துவிட்டால் அதே 40 கிலோவில் 8 கிலோகூடத் தேறாமற் போகலாம். ஆதலின் ஒவ்வொருவர் பாலிலும் சிறிது எடுத்துச் சோதித்து, உள்ளிருக்கும் ரப்பருக்குத் தக்கபடியே கணக்கிடுகிறோம். மெட்டா அனாலிஸிஸ் செய்வோரும் ஆராய்ச்சிகளை வெறுமனே எண்ணிக் கூட்டுவதில்லை. பல பேரைக் கொண்டு செய்யப்பட்டு உறுதியான விடை தரும் ஆராய்ச்சிக்கு மிகுந்த நிறையும், சிலரைக் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சிக்குக் குறைந்த நிறையும் கொடுத்தே கூட்டுகின்றனர்.

ஆயினும் இரண்டு இடர்கள் உள. பாலில் வேறு பொருளைக் கலந்திருந்தால், அளக்கும் மானியும் ஏமாந்து போகும். அதுபோலப் பொய்க் கணக்கு ஒன்று உள்ளே புகுந்தால் கணிதம் அதைக் காட்டிக் கொடாது. மற்றொன்று, நிறுக்குமிடத்திற்கு வந்து சேராத வாளி. பலன் காணாத ஆராய்ச்சிகள் அச்சேறாமல் மேஜை அறைகளிலேயே கிடந்துவிடுவதை 1979-இல் ராபர்ட் ரோஸந்தால் என்பவர் எடுத்துக் காட்டினார். வந்தவற்றை மட்டும் கூட்டினால், மருந்து மெய்யாகவே உள்ளதினும் சிறந்ததாய்த் தோன்றும்.

இம்முறையின் நன்மையை நான் குறைத்துக் கூறவில்லை. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்மார்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தைகள் பிழைக்கும் என்பதைக் காட்டிய முதற் சோதனை 1972-இல் வெளியாயிற்று. பின்னும் பல சோதனைகள் நடந்தன. அவற்றை முறையாய்த் தொகுத்த ஆராய்ச்சியோ 1989-இல்தான் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான பிரசவ வைத்தியர்கள் அவ்வூசியின் முழுப் பலனை உணரவில்லை. பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன. 1993-இல் தோன்றிய காக்ரேன் கூட்டமைப்பு, அச்சோதனைகளின் கோடுகளையே தன் சின்னமாய்க் கொண்டது. கூட்டிப் பார்க்கத் தவறுவதாலும் உயிர் போகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, அன்றாட எழுத்தில் இச்சொல் படும் பாட்டைக் காண்போம். பத்துக் கட்டுரைகளைப் படித்துச் சாரம் எழுதிய ஒருவர், தாம் எழுதியதை மெட்டா அனாலிஸிஸ் என்கிறார்; அதில் நிறையுமில்லை, கூட்டலுமில்லை. ஒரு விமரிசனத்தை விமரிசித்தவரும் அப்பெயரையே சூட்டிக்கொள்கிறார். இவ்விரண்டும் சொல்லின் பொருளைத் தளர்த்துவனவேயன்றி எவருக்கும் பெருந்தீங்கு செய்வன அல்ல. மூன்றாவது வழக்கே கொடியது. எத்தனை ஆராய்ச்சி, எத்தனை நோயாளி, பலன் எவ்வளவு என்று ஒன்றும் சொல்லாமல், பெயரை மட்டும் சொல்லி மிரட்டுவது அது.

2021-ஆம் ஆண்டில் கொரோனா நோய் நம் நாட்டை வாட்டிய காலத்தில், ஐவர்மெக்டின் என்னும் மாத்திரையைப் பற்றி இவ்விதச் செய்தி ஒன்று எங்கள் லயங்களிற் பரவிற்று. சொறிசிரங்குக்கும் புழுக்களுக்கும் பயன்படும் அம்மாத்திரை கொரோனா மரணத்தையும் தடுக்கும் என்று மெட்டா அனாலிஸிஸ் கூறிவிட்டதாம். நீரிழிவுள்ள ஒரு மூதாட்டியின் மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “கிராணி ஐயா, இங்கிலீஷ்காரனே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டானாமே, அம்மாவுக்கு இனி ஊசி எதற்கு?” என்று கேட்டார். அச்செய்தியில் எண் ஒன்றுகூட இல்லை. அதை அவருக்கு எடுத்துரைத்தேன். அதற்குள் அவர் பத்து நாட்கூலியை மாத்திரைக்குக் கொடுத்திருந்தார்; அம்மூதாட்டி மூன்று வாரம் தடுப்பூசிக்குப் போகாமலிருந்தார்.

மெய்யில் நடந்ததைப் பாருங்கள். அத்தகைய தொகுப்புக்களிற் சில, எகிப்து நாட்டிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியைப் பெரிதும் நம்பியிருந்தன. அதன் எண்களில் ஐயம் எழவே, 2021 ஜூலையில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதையும் அதுபோன்ற பலவீனமானவற்றையும் நீக்கிக் கூட்டியபோது, முன்பு கண்ட மரணக் குறைவு நிலைக்கவில்லை. நம் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளிலேயே 490 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்து, 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று. மாத்திரை பெற்ற 241 பேரில் 52 பேர்க்கும், பெறாத 249 பேரில் 43 பேர்க்கும் நோய் முற்றிற்று. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. எனினும் மாத்திரை நோயைத் தடுத்தது என்று கூற இதில் இடமேயில்லை. இச்செய்தியை எங்கள் லயங்களில் எவரும் பரப்பக் கண்டேனில்லை.

நம் பெரியோர் ஒரு காலத்தில் “சாஸ்திரம் சொல்லுகிறது” என்ற ஒரே வாக்கியத்திற்கு அஞ்சி, கோவில் வாயிலுக்கு வெளியே நின்றனர். எந்தச் சாஸ்திரம், எந்த இடம், எவர் எழுதியது என்று கேட்கத் துணிந்தபோதுதான் அவ்வச்சம் தெளிந்தது. இன்று சாஸ்திரம் இருந்த பீடத்தில் விஞ்ஞானத்தின் பெயரை வைத்துக் கும்பிடுவோமாயின், நாம் அடைந்த பகுத்தறிவுதான் யாது? கேள்வி கேட்கப்படுவதற்காகவே எண்களை வெளியிடுவது விஞ்ஞானம். கேள்வியை நிறுத்துவதற்காக அதன் பெயரை உச்சரிப்பவர் பழைய புரோகிதரே, உடைதான் வேறு.

ஆகவே, இச்சொல்லை எங்கே கண்டாலும் நான்கு வினாக்களைக் கேட்போமாக. எத்தனை ஆராய்ச்சிகள் கூட்டப்பட்டன? அவற்றுள் எத்தனை பேர் இருந்தனர்? எவை விலக்கப்பட்டன, ஏன்? பலன் என்ன அளவு? இவற்றுக்கு விடை தராத எழுத்து எவ்வளவு பெரிய பெயரைத் தாங்கி வரினும் அது வெறும் அபிப்பிராயமே. எழுதும் அன்பர்களும் இச்சொல்லைத் தமிழில் ‘நிறுத்துக் கூட்டல்’ என்று எழுதிப் பார்க்கலாம். அப்பெயரைக் காண்பவர், பள்ளிக்கூடத்தை மிதியாதவராயினும், “எதை நிறுத்தீர்? என்ன நிறை கண்டீர்?” என்று உடனே கேட்பார். கூலிக்கணக்கில் அரைக் கிலோ குறைந்தாலும் தட்டிக் கேட்கும் நம் தொழிலாளர், தம் உயிரைப் பற்றிய கணக்கிலும் அவ்வாறே கேட்கப் பழகவேண்டும்.