ரெண்டு கட்டையும் ஆறரைக் கட்டையும்

மாசி மாதத்துப் பிற்பகல். கோவை கோனியம்மன் தேருக்கு வடம் பூட்டியாகிவிட்டது. இழுக்க இன்னும் நேரம் இருக்கிறது. ராஜ வீதியில் ஷட்டர் இறக்கிய துணிக்கடை ஒன்றின் நிழலில் இரண்டு வாத்தியக் கூட்டங்கள் ஒதுங்கியிருக்கின்றன. ஒன்று பெரிய மேளம்: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், மின்சாரச் சுருதிப்பெட்டி. மற்றது பேண்டு செட். சிவப்புச் சட்டை, தோளில் வெளுத்துப்போன ஜரிகை. டிரம் மேல் சாய்ந்து ஒருவன் தூங்குகிறான்.

பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவருக்கு நாற்பது வயது இருக்கலாம். பெட்டியைத் திறந்து ஐந்து துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுக்கிறார். கார்க்கில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, திருகிப் பொருத்துகிறார். ரீடை வாயில் வைத்து ஊறவிடுகிறார். அவருக்கு எதிரே பெரிய மேளத்து மூத்தவர் கோவையாகத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றைக் கழற்றி, உதட்டில் வைத்துக் கீச்சிடவிட்டு, பிடிக்காமல் அடுத்ததை எடுக்கிறார். இருவர் வாயிலும் இப்போது புல்தான் ஊறுகிறது. ஒன்று காவிரிக்கரை நாணல், இரண்டு மடலாகக் கட்டியது. மற்றது பெரும்பாலும் பிரான்சின் தென்கரையில் விளையும் நாணல், ஒற்றை மடலாகச் சீவியது.

"ஏனுங்ணா, உங்குளுது எத்தன கட்டைங்க?" என்கிறார் கிளாரினெட்காரர்.

"ரெண்டு. உன்றது?"

"ஆறரைங்ணா. எங்க செட்டுல டிரம்பெட்டும் ஆறரைதான். ஆல்ட்டோ சாக்ஸு மட்டும் ரெண்டரை."

பெரியவர் தலையாட்டிக்கொள்கிறார். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வைத்த கணக்கு இது. ஒரு கட்டை என்றால் மேற்கத்தியரின் 'சி'. அங்கிருந்து அரை அரையாக ஏறினால் ஆறரை என்பது அவர்கள் 'பி ஃபிளாட்' என்று சொல்லும் இடம். உலகத்தில் பெரும்பாலான கிளாரினெட்டுகள் இந்த ஆறரைக் கட்டைதான். நீளம் இரண்டே கால் அடிக்குச் சற்றுக் குறைவு. அதைவிடச் சற்றே நீளமாக ஆறு கட்டைக் குழல் ஒன்று உண்டு. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள் இரண்டையும் பெட்டியில் வைத்திருந்து மாற்றி மாற்றி எடுப்பார்கள். விரல் வைப்பு ஒன்றே; வரும் சுருதி அரைக் கட்டை தள்ளி. மோட்சார்ட் 1791இல் எழுதிய கிளாரினெட் கச்சேரிப் படைப்பு அந்த ஆறு கட்டைக்கானது. நம் புல்லாங்குழல்காரர்கள் கட்டைக்கு ஒரு குழலாகப் பை நிறைய எடுத்துச் செல்வதும் இதே ஏற்பாடுதான். இந்தக் கொங்கு மண்ணிலிருந்து போன பல்லடம் சஞ்சீவராவ் குழலையே பிரதானக் கச்சேரி வாத்தியமாக வாசித்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

கிளாரினெட்காரர் ஊதிப் பார்க்கிறார். முதலில் அடிஸ்தாயி. எல்லா ஓட்டைகளையும் மூடி, மெதுவாக. கனத்த, கறுத்த நாதம் ஒன்று திண்ணைக்குக் கீழிருந்து வருவதுபோல் எழுகிறது. தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறக்கிறான். பெரியவர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குழலைப் பார்க்கிறார், பிறகு தன் மடியில் கிடக்கும் நாதஸ்வரத்தைப் பார்க்கிறார். நாதஸ்வரம் அதைவிட நீளம், இரண்டரை அடிக்கு மேல். ஆனாலும் இவ்வளவு ஆழத்துக்கு அது இறங்காது.

காரணம் உள்துளையில் இருக்கிறது. நாதஸ்வரத்தின் துளை சீவாளிப் பக்கம் குறுகலாகத் தொடங்கி அடியிலுள்ள அணசு வரை விரிந்துகொண்டே போகிறது. கிளாரினெட்டின் துளை கிட்டத்தட்ட முழுதும் ஒரே அகலம். ஒரு முனை அடைத்த நேர்குழலுக்குள் காற்றின் அலை தன் நீளத்தில் கால்பங்கை மட்டுமே அடக்கிக்கொண்டு நிற்கும். கூம்புக்குள் பாதி வேண்டும்; இரு முனையும் திறந்த புல்லாங்குழலுக்குள்ளும் அப்படியே. அதனால் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மேற்கத்தியப் புல்லாங்குழலைவிடக் கிளாரினெட் முக்கால் ஸ்தாயிக்கும் அதிகமாகக் கீழிறங்குகிறது. இந்த வரத்துக்கு விலையும் உண்டு. நாதஸ்வரத்தில் காற்றை அழுத்தினால் அதே விரலில் மேல் ஸ்தாயி கிடைக்கும். கிளாரினெட்டில் கட்டைவிரல் சாவியை அமுக்கினால் ஸ்தாயியைத் தாண்டி அதற்கும் மேலான பஞ்சமத்துக்கு எகிறும். கீழே சட்ஜம் பிடித்த விரல் மேலே பஞ்சமமாகிவிடும். ஆக, ஒரே குழலில் இரண்டு விரல்பாடம். குழல் முழுக்க வெள்ளிச் சாவிகள் முளைத்ததற்கு இதுவே பெரும் காரணம். 1700ஐ ஒட்டி நூரெம்பெர்க்கில் டென்னர் இதை உருவாக்கியபோது இருந்த சாவிகள் இரண்டோ மூன்றோதான்.

இந்தக் குடும்பத்தில் சின்னதும் உண்டு, பெரியதும் உண்டு. இரண்டரைக் கட்டையில் ஒன்றரை அடி சொச்ச நீளக் குட்டி ஒன்று. ஆறரைக் குழலைவிட மத்திமம் மேலே. ராணுவ பேண்டுகள் அதை முன்வரிசையில் வைத்தன. திறந்தவெளியில் டிரம் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போவதற்கு அந்தக் கீச்சுக்குரல் வேண்டும். கீழே ஆல்ட்டோ, அதற்கும் கீழே, ஆறரைக் குழலுக்கு ஒரு முழு ஸ்தாயி அடியில் பேஸ் கிளாரினெட். சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அதே அடால்ஃப் சாக்ஸ் 1838இல் அதைச் சீர்செய்தார். கழுத்தும் வாயும் உலோகத்தில் வளைந்து, தரையில் கம்பி ஊன்றி நிற்கும். அதையும்விட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் ராட்சசக் குழல் ஒன்றும் இருக்கிறது. இந்தப் பெரிய குழல்களெல்லாம் நாலு சுவருக்குள் வாழ்பவை. ஒப்பணக்காரத் தெருவில் இவற்றை எடுத்து வந்து யாரும் ஊத மாட்டார்கள். ஊதினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

வாத்தியத்தின் அளவைத் தச்சர் தீர்மானிப்பதில்லை, கேட்கிறவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதே தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் நாதஸ்வரத்தின் கதை அதற்குச் சாட்சி. சதிராட்டத்துக்கு முகவீணை என்ற சின்னஞ்சிறு குழல். ஊர்வலத்துக்குத் திமிரி, குட்டை, கட்டை அதிகம், நாலு வீதிக்கும் எட்டும் குரல். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்த உயரம் போதவில்லை, ஆழம் தேவைப்பட்டது. மணிக்கணக்கில் தோடியை விரிப்பவருக்குக் கீழே இடம் வேண்டாமா? நீளமான பாரி நாதஸ்வரத்தை அவர் நிலைநிறுத்தினார். அவருக்காக அதைக் கடைந்து செம்மைப்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒலிபெருக்கி மேடைக்கு வந்த காலமும் பாரி வந்த காலமும் ஒன்றையொன்று ஒட்டியே வருவதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முகவீணை இருந்த இடத்துக்கு வந்ததுதான் கிளாரினெட். 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிருக்குக் கொண்டுவந்தார். பிறகு அது ஆட்டத்தை விட்டுக் கச்சேரிக்கு நகர்ந்து, திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கையில் ராகம் பேசியது. சாவி போட்ட குழலில் கமகம் வராது என்று சொன்ன காதுகளுக்கு அவர் வாசித்தே பதில் சொன்னார். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. ஆனால் ஊர் ஊராகப் பேண்டு செட்டில் நடந்து தேய்ந்த நூற்றுக்கணக்கான கிளாரினெட்காரர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. தெரு அவர்களிடம் கேட்டது மேல்ஸ்தாயி ஒன்றைத்தான். குழலின் கீழ்ப்பாதி, அதன் ஆகச் சிறந்த பாதி, இப்படி ஊர்வலம் தொடங்கும் முன் சோதித்துப் பார்க்கும் நிமிடங்களில் மட்டுமே வெளிவருகிறது. எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

தேருக்குப் பக்கத்தில் நகரா முழங்கத் தொடங்கிவிட்டது. பெரியவரின் சட்டைக் காலரில் ஒரு பையன் மைக் மாட்டுகிறான். ஒலிபெருக்கி மினி ஆட்டோவின் மேல் கட்டியிருக்கிறது. பாரியின் ரெண்டு கட்டை வைசியாள் வீதி திரும்பும்வரை கேட்கப்போவது அந்தப் பெட்டியின் தயவில். கிளாரினெட்காரருக்கு மைக் இல்லை. அவர் அடிஸ்தாயியை நிறுத்திவிட்டு, உதட்டை இறுக்கி, மேலே ஏறிக் கூர்மையாக இரண்டு வரி சினிமாப் பாட்டு ஊதிப் பார்க்கிறார். டிரம்காரன் எழுந்து வாரை மாட்டுகிறான்.

பெரியவர் கையைத் தூக்கி அவரைக் கூப்பிடுகிறார்.

"தம்பி, மொதல்ல கீழ ஊதினியே, அது என்ன ராகத்துல?"

"சும்மா சுருதி பாத்தனுங்ணா. ராகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"வர்ற மொகூர்த்தத்துக்குப் பேரூர்ல ஒரு கல்யாணம் எங்குளுது. மண்டபம் சின்னது. நீயும் வந்துரு. முந்துன நா சாயங்காலம், கூட்டம் வர்றக்கு முன்னால, அத ஊது. நான் ஒத்து மாதிரி புடிச்சுக்கறேன்."

"மைக்கு இருக்குங்களா?"

"இருக்கும். வேண்டாம்னு சொல்லிப்போடலாம்."