பக்கத்து மனை

கட்டிடத்துக்கு பிளான் வரைகிறவர்கள் மரம் நடும் விஷயத்தில் தாராள மனசுக்காரர்கள். காலி இடம் எங்கே தெரிந்தாலும் ஒரு பச்சை வட்டம் போட்டுவிடுவார்கள். அந்த வட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அது இலை உதிர்த்துச் சாக்கடையை அடைக்காது. அதில் காக்கை கூடு கட்டாது. எங்கள் தெருவில் வரப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிளானில் எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று வட்டங்கள் இருந்தன. அந்த மனையில் இப்போது உயிரோடு நிற்கிற ஒரு மாமரமும் இரண்டு வேப்பமரங்களும் அந்த இருபத்துமூன்றில் சேர்த்தி இல்லை. அவை இருக்கும் இடம் கார் நிறுத்துவதற்கு!

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்கோடியில் 12 கிரவுண்டு மனையில் ஒரு பழைய வீடு. பெரியவர் காலமான பிறகு, ஆளுக்கொரு தேசத்தில் இருக்கும் பிள்ளைகள் அதை ஒரு புரொமோட்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டிய வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து எத்தனை நாள்தான் வெள்ளையடிக்க முடியும்?

செய்தி பரவியதும் தெருவில் ஒரு மனு தயாராயிற்று. எழுத்தாளன் என்று ஒருவன் தெருவில் குடியிருந்தால், மனுவைத் திருத்துகிற வேலை அவன் தலையில்தான் விடியும். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற எதிர் வீட்டுக்காரர் மனுவையும் பிளானின் நகலையும் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். சுருண்டுகொள்ளாமலிருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தோம்.

மனுவில் ஆறு ஆட்சேபங்கள் இருந்தன. முதலாவது, தெருவின் அமைதி கெடும். இரண்டாவது, 'அறிமுகமில்லாதவர்கள் பெருமளவில் குடியேறுவார்கள்'. தண்ணீர் ஆறாவதாக, போனால் போகிறது என்று கடைசியில் நின்றது.

"சார், ரெண்டாவதை அடிச்சுடலாமே" என்றேன்.

"ஏன், அது வாஸ்தவந்தானே?"

"வாஸ்தவந்தான். நானும் அப்படி வந்தவன்தானே? நான் இருக்கிற பிளாட்டும் ஒரு தனி வீட்டை இடிச்சுக் கட்டினதுதான்."

அவர் பதில் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் 'முதலில் வந்தவன் நான்' என்று சொல்லும் யோக்கியதை தண்ணீருக்குத்தான் உண்டு. மாம்பலம் ஏரியின் பரப்பில்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. எங்கள் மேற்கு மாம்பலத்திலோ லேக் வியூ ரோடு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, ரோடு மட்டும் இருக்கிறது. குடியிருந்த ஏரியைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள், அடுத்து வருகிறவரைப் பார்த்து 'யார் ஐயா நீ?' என்று கேட்பது அவ்வளவு அழகாகத் தோன்றவில்லை.

அதற்காக, பிளானைப் பார்த்துத் தலையாட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. யார் வருகிறார்கள் என்பதல்ல. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான்.

இன்ஜினியர் பென்சிலை எடுத்தார். 12 கிரவுண்டு என்றால் 28,800 சதுர அடி. மனையைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. என்கிறார்கள். முன்பு 1.5 ஆக இருந்தது, 2019-ஆம் ஆண்டுக் கட்டிட விதிகளின்படி 2 ஆயிற்று. ஆகவே 57,600 சதுர அடி. பொது இடங்களும் சேர்த்து வீட்டுக்கு 1,200 வீதம் 48 வீடுகள். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 192 பேர். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது சர்க்கார் கணக்கு. பெருக்கினால் ஏறக்குறைய 26,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி தினம் இரண்டு நடை வந்தாலும் போதாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால், 48 வீட்டுக்காகப் போடும் ஆழ்குழாய்க் கிணறு பக்கத்து வீட்டுக் கிணற்றிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உறிஞ்சாது.

"வரவு இப்படி. செலவைப் பாருங்கோ" என்று அவரே உற்சாகமாகிவிட்டார். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அந்த மனையில் மட்டும் விழுவது சுமார் 37 லட்சம் லிட்டர். 48 குடும்பங்களின் ஆண்டுத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இன்று அந்த மழையில் பெரும் பகுதியைத் தோட்டத்து மண் குடித்துவிடுகிறது. நாளை அங்கே சிமெண்டுத் தளம் வந்தால் அது தெருவுக்குத்தான் வரும். தெருவில் அது என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் எங்கள் பேட்டை பார்த்துவிட்டது.

பிளானில் மழைநீர் சேகரிப்புக்கு ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார்கள். இந்த வட்டம் நீலம். எவ்வளவு ஆழம், எத்தனை குழி என்று எழுதவில்லை. தெருவின் அகலம் முப்பது அடி என்று இருந்தது. காகிதத்தில் முப்பதுதான். இரு பக்கமும் கார்கள் நிற்கிற ராத்திரியில், தீயணைப்பு வண்டி வந்தால் அதற்கு மிஞ்சுவது பாதிதான்.

மனுவைப் புதிதாக எழுதினோம். 'வரக்கூடாது' என்ற வார்த்தையே இல்லை. நாலு கேள்விகள் மட்டும்: குடிதண்ணீருக்கு என்ன வழி, கழிவுநீர் போகும் குழாய் அதைத் தாங்குமா, மழை எத்தனை குழிகளில் இறங்கும், எல்லாக் காரும் மனைக்குள்ளேயே நிற்குமா? பழைய மரங்கள் மூன்றும் கார் நிறுத்தத்தைச் சற்று நகர்த்தினால் பிழைக்கும் என்று ஒரு வரி.

கையெழுத்து வாங்கப் போனபோது நாலு வீட்டில் மறுத்துவிட்டார்கள். 'இது மனுவா, பரீட்சைத் தாளா?' என்று ஒருவர் கேட்டார். இன்னொருவருக்குத் தன் வீட்டையும் புரொமோட்டரிடம் கொடுக்கும் உத்தேசம். மூன்றாம் வீட்டு மாமிதான் எங்களைத் திகைக்க வைத்தாள். மனுவை முழுக்கப் படித்துவிட்டு, "2003-ல சட்டம் போட்டப்போ நம்ம தெருவிலேயும் எல்லாரும் மழைக்குழி தோண்டினோமே, அதெல்லாம் எங்கே? பாதிப் பேர் மேலே டைல்ஸ் ஒட்டியாச்சு. அவாளைக் கேக்கறதுக்கு முன்னாடி அதைத் திறக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

இன்ஜினியர் மனுவை வாங்கி, தம் கையாலேயே கீழே ஒரு வரி சேர்த்தார்: 'கையெழுத்திடும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மழைநீர்க் குழியை இந்த மாதத்துக்குள் தூர்வாரச் சம்மதிக்கிறோம்.'

மாமி கையெழுத்துப் போட்டுவிட்டு, "வர்றவாளுக்குப் பால்காரன் நம்பரை நான் தரேன். அந்த 48 வீட்டுக்கும் சேர்த்து வாங்கினா அவன் விலையைக் குறைப்பான்" என்றாள்.